ஒழுகும் பைப்பை நாமே திருத்துதல்: வரிசை தவறாமல் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரைத் திறந்து மூடுவதை வீட்டில் நாம் ‘பைப்’ என்போம். இங்கும் அதையே பைப் என்கிறேன். சுவருக்குள் ஓடுவதைக் குழாய் என்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், கழற்றும் நேரத்தில் எதைப் பிடிப்பது, எதைத் திருப்புவது என்பதில் குழப்பம் வந்துவிடும்.

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் உறவினர், அயலவர் வீட்டுப் பைப்புகளைத் திருத்திக் கொடுத்தபோதும், பக்கத்தில் நின்று அவர்களையே திருத்த வைத்தபோதும் ஒன்றைக் கவனித்தேன். புதிதாகக் கைவைப்பவர்கள் தடுமாறுவது வொஷர் (உள்ளே தண்ணீரை அடைக்கும் சிறிய றப்பர் வட்டம்) மாற்றும் இடத்தில் அல்ல. அது ஐந்து நிமிட வேலை. எதை முதலில் மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்ற வரிசையில்தான் அவர்கள் பிழை விடுகிறார்கள். வொஷர் போய் அமரும் பித்தளை விளிம்பைப் பார்க்காமல் விடுவது அடுத்த பிழை. ஆகவே அந்த இரண்டு இடங்களில் இந்த வழிகாட்டி அதிக நேரம் நிற்கும்.

செக்கனுக்கு ஒரு துளி சொட்டும் பைப்பால் ஒரு நாளில் 86,400 துளிகள் போகின்றன. ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால், அது நாளொன்றுக்கு நான்கு லீற்றருக்குச் சற்று மேல். ஒரு யூனிட் என்பது 1,000 லீற்றர் என்பதால், ஒரு யூனிட் வீணாவதற்கு ஏழு மாதங்களுக்கு மேல் செல்லும். எனவே தண்ணீர்ப் பட்டியலைக் காட்டிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. சொட்டு நிற்கவேண்டும் என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்குவதும், அந்த இறுக்கத்தால் உள்ளே பழுது பெருகுவதுமே உண்மையான நட்டம். முற்றத்துப் பைப்பென்றால் அடியில் வைத்த வாளியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

1. எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பைப் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாமல் நேரே வொஷரை மாற்றியவர்களில் பலர், வேலை முடிந்த பிறகும் அதே சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பைப்பை மூடிய பின்னும் அதன் வாயிலிருந்து சொட்டினால் வொஷரோ, வொஷர் அமரும் விளிம்போ பழுது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் கழுத்துப் பகுதியின் அடைப்பு தேய்ந்துவிட்டது. சுவரோடு பைப் சேரும் இடம் ஈரமாகிக்கொண்டே இருந்தால், புரியில் (திருகிப் பூட்டும் வரிகளில்) சுற்றிய நாடா விட்டுவிட்டது, அல்லது சுவருக்குள் இருக்கும் முழங்கை, அதாவது குழாயைப் பைப்போடு இணைக்கும் வளைந்த துண்டு, வெடித்துவிட்டது.

இங்கே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கழுத்தில் கசியும் தண்ணீர் பைப்பின் உடல் வழியாக வழிந்து, வாயின் அடிப்பக்கத்தில் திரண்டு சொட்டும். பார்ப்பவருக்கு வாயிலிருந்து சொட்டுவதுபோலவே இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பைப்பைத் திறந்து பாருங்கள். கடதாசி நனைந்தால் பழுது கழுத்தில்.

நீண்ட வளைவுள்ள பைப்பிலும் ஷவரிலும் மூடியபின் ஒரு நிமிடமளவுக்குச் சில துளிகள் விழுவது பழுதல்ல. வளைவில் தங்கிய தண்ணீர் வடிகிறது. அதேபோல், நீர் வழங்கல் சபையின் குழாயிலிருந்து நேரடியாக வரும் பைப் பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு இரவில் மட்டும் சொட்டலாம். ஊர் உறங்கியபின் பாவனை குறைந்து அழுத்தம் கூடுவதே காரணம். அது வொஷர் தேயத் தொடங்கியதன் முதல் அடையாளம். அப்போதே மாற்றினால் விளிம்பு தப்பிவிடும்.

2. உங்களுடையது எந்த வகைப் பைப்?

கைப்பிடியை மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்கப் பல சுற்றுகள் தேவைப்பட்டால், உள்ளே வொஷர் இருக்கிறது. முற்றத்திலும் பழைய குளியலறைகளிலும் இருப்பவை பெரும்பாலும் இவையே. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவற்றைப் பற்றியது.

கால் சுற்றிலேயே முழுவதும் திறந்தால், உள்ளே ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் இரண்டு பீங்கான் தட்டுகள் கொண்ட ஓர் உள்ளுறுப்பு இருக்கும். அதற்கு 9ஆம் பகுதியைப் பாருங்கள். முழுவதும் பிளாஸ்ரிக்கால் ஆன மலிவுப் பைப்பைத் திருத்துவதற்காக நேரத்தைச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கழற்றும்போதே புரி தேய்ந்துவிடும். நேராக 10ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

3. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

திருகும் அளவுக்கேற்ப விரித்துச் சுருக்கக்கூடிய ஸ்பனர் ஒன்று, பைப்பின் உடலைப் பிடிக்க இன்னொரு ஸ்பனர் அல்லது பெரிய குறடு, தட்டை முனையும் நட்சத்திர முனையும் உள்ள இரண்டு திருப்புளிகள், பழைய பல் துலக்கி, சிறிய ரோர்ச், இரண்டு பழந்துணிகள், பழைய செய்தித்தாள் ஆகியன போதும். திரெட் டேப் என்று கேட்டால் தரும் வெள்ளை நாடா ஒரு சுருளும், 400ஆம் இலக்க வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கக்கூடிய அரத்தாள்) ஒரு துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்பனர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அது இல்லாமல் தொடங்கவேண்டாம். காரணம் 5ஆம் பகுதியில் வரும்.

வொஷரை முன்கூட்டியே ஊகித்து வாங்காதீர்கள். நம் வீடுகளில் உள்ள பைப்புகள் பெரும்பாலும் அரை அங்குலப் பைப்புகளே என்றாலும், உள்ளே இருக்கும் வொஷரின் அகலமும் நடுத்துளையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன. ‘அரை அங்குல வொஷர்’ என்று வாயால் கேட்டு வாங்கி, ஒரே பைப்புக்காக மூன்று முறை கடைக்கு அலைந்திருக்கிறேன். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் அதோடு வைத்துப் பார்த்து வாங்குவதே சரி.

அதனால்தான் இந்த வேலையைக் கடை திறந்திருக்கும் நாளின் காலையில் தொடங்கவேண்டும். மாலை ஆறு மணிக்குப் பைப்பைக் கழற்றிவிட்டு, ஹாட்வெயார் கடை பூட்டியிருப்பதைக் கண்டால், அன்றிரவு முழு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. கழற்றுமுன் குடத்திலும் இரண்டு வாளிகளிலும் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள்.

4. தண்ணீரை நிறுத்துதல்

இது எளிதாகத் தோன்றும். ஆனால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். திருகோணமலையில் பல வீடுகளுக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வருகிறது. ஒன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய். மற்றது கிணற்றிலிருந்து மோட்டரால் ஏற்றி மேல் தாங்கியில் நிரப்பிய தண்ணீர். முற்றத்துப் பைப் சபைக் குழாயிலும் குளியலறைப் பைப் தாங்கியிலும் இணைந்திருப்பது சாதாரணம். மீற்றருக்குப் பக்கத்திலுள்ள வால்வைப் பூட்டிவிட்டுக் குளியலறைப் பைப்பைக் கழற்றினால், தாங்கியில் உள்ள தண்ணீர் முழுவதும் முகத்தில் அடிக்கும்.

ஆகவே முதலில் அந்தப் பைப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்துங்கள். மீற்றருக்குப் பின்னால், வீட்டுப் பக்கத்தில் உள்ள வால்வைப் பூட்டிப் பைப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் தண்ணீர் வந்தால், அது தாங்கித் தண்ணீர். தாங்கியின் அடியிலுள்ள வெளியேறும் குழாயின் வால்வைப் பூட்டவேண்டும். மீற்றருக்கு முன்னால், வீதிப் பக்கம் இருக்கும் வால்வு சபைக்குரியது. அதிலும் மீற்றரிலும் கைவைக்கக் கூடாது. அங்கே கசிவு இருந்தால் 1939 என்ற இலக்கத்தில் சபைக்கு அறிவியுங்கள்.

வட்டக் கைப்பிடி உள்ள பழைய கேற் வால்வுகள் வருடக்கணக்காகத் திருப்பப்படாமல் இறுகிப் போயிருக்கும். அவற்றை ஸ்பனரால் முறுக்கினால் உள்தண்டு முறிந்து, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றுவிடும். கையால் மட்டும் இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழக்குங்கள். அரைமணி நேரம் பழக்கியும் அசையாவிட்டால், தாங்கிக்கு நீரேறுவதை நிறுத்திவிட்டு, இருக்கும் தண்ணீரைத் தோய்ச்சலுக்கும் மரங்களுக்கும் பயன்படுத்தி முடித்த பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

தாங்கி நிரம்பத் தானாக இயங்கும் மோட்டர் இருந்தால் அதன் சுவிட்சை நிறுத்தி, வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். ஒருமுறை நான் பைப்பைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில், “தம்பி, தண்ணி வரேல்லையே” என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வந்து வால்வைத் திறந்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே தாங்கி என்பதை நான் அவருக்குச் சொல்லாதது என் பிழைதான்.

வால்வைப் பூட்டியதும் திருத்தப்போகும் பைப்பையும், வீட்டில் மிகத் தாழ்வாக இருக்கும் இன்னொரு பைப்பையும் திறந்து வையுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் தாழ்ந்த பைப் வழியாக வடிந்துவிடும். ஓட்டம் நின்று, ஒரு துளியும் வராத நிலையைக் கண்ட பிறகே ஸ்பனரைத் தொடவேண்டும்.

5. கழற்றுதல்

கைகழுவும் தொட்டியானால் அதன் நீர்போகும் துளையைத் துணியால் அடையுங்கள். கைப்பிடித் திருகாணி மிகச் சிறியது. துளைக்குள் உருண்டால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது கடினம்.

கைப்பிடியின் உச்சியில் நிற வட்டமாகவோ மூடியாகவோ உள்ளதைத் தட்டைத் திருப்புளியின் முனையால் மெல்லக் கிளப்புங்கள். அதன் கீழே திருகாணி இருக்கும். கடற்காற்றுப் படும் வீடுகளில் இந்தத் திருகாணி துருவேறியோ பச்சைக் களிம்பு பிடித்தோ இறுகியிருக்கும். வலுவாகத் திருப்பினால் தலை உருண்டுபோகும். பின் துளைத்துத்தான் எடுக்கவேண்டி வரும். ஓரிரு துளி மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுத்து, திருப்புளியின் பின்புறத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். அந்த அதிர்வு களிம்பை உடைக்கும். மண்ணெண்ணெய் உள்ளே உள்ள றப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், றப்பர் ஊதிவிடும்.

கைப்பிடி வந்ததும் கீழே ஆறு பக்கமுள்ள இரண்டு நட்டுகள் தெரியும். சிலவற்றில் அலங்கார மூடியைக் கழற்றிய பின் தெரியும். மேலே சிறியதாக இருப்பது கழுத்து நட். அதற்குக் கீழே பெரியதாக இருப்பது பைப்பின் தலை. நீங்கள் கழற்றவேண்டியது பெரியதை. சிறியதை மட்டும் கழற்றிவிட்டு ‘வரமாட்டேன் என்கிறது’ என்று தண்டை (கைப்பிடி மாட்டியிருந்த நடுக்கம்பியை) பிடித்து இழுப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

தலையைத் திருப்புமுன், கைப்பிடியைத் தற்காலிகமாகத் தண்டில் வைத்துப் பைப்பைப் பாதியளவு திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூடிய நிலையில் தண்டு வொஷரை விளிம்போடு அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் தலையின் புரியையும் இறுக்கிப் பிடிக்கும். திறந்து விட்டால் தலை இலகுவாக இளகும்.

இப்போது இரண்டாவது ஸ்பனருக்கு வருவோம். ஒரு கையால் பைப்பின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையை இடப்பக்கமாக, கடிகார முள் ஓடும் திசைக்கு எதிராகத் திருப்பவேண்டும். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் முறுக்கு முழுவதும் சுவருக்குள் இருக்கும் பிவிசி முழங்கைக்குப் போகும். நான் முதன்முதலில் திருத்திய பைப் இப்படித்தான் சுவருக்குள் வெடித்தது. பத்து ரூபாய் வொஷர் வேலை, மாபிளை உடைத்துச் சுவரைத் தோண்டும் வேலையாக மாறியது. வெள்ளிநிறப் பூச்சுக் கீறாமலிருக்க ஸ்பனரின் வாய்க்குள் துணியை மடித்து வையுங்கள்.

கழற்றிய ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளின்மேல் இடமிருந்து வலமாக, கழற்றிய வரிசையிலேயே வைத்துத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும்.

6. வொஷரும் அது அமரும் விளிம்பும்

கழற்றிய தலையின் அடியில் காளான் வடிவில் ஒரு பித்தளைத் துண்டு தொங்கும், அல்லது பைப்பின் உள்ளேயே தங்கியிருக்கும். அதன் தட்டையான பக்கத்தில் வொஷர் இருக்கும். சிலவற்றில் சிறிய நட் ஒன்று அதைப் பிடித்திருக்கும், சிலவற்றில் நடுக்குமிழில் அழுத்தி மாட்டியிருக்கும். அந்த நட்டைக் கழற்றும்போது காளானின் தண்டைக் குறடால் பிடியுங்கள்.

பழைய வொஷரை எறியுமுன் அதை வாசியுங்கள். வட்டமாக, சீரான ஆழத்தில் பள்ளம் பதிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். வொஷர் கருகியதுபோல் இறுகி வெடித்திருந்தால் றப்பர் வயதாகிவிட்டது. பள்ளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டு விழுந்திருந்தால், விளிம்பில் அதே பக்கத்தில் குறை இருக்கிறது என்று பொருள். புது வொஷரும் அதே இடத்தில் வெட்டுப்படும்.

அன்றே கடைக்குப் போகமுடியாத நிலையில், பழைய வொஷரைப் புரட்டி, தேயாத பக்கம் வெளியே வருமாறு மாட்டலாம். சில வாரங்களுக்குத் தாங்கும். றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. செருப்பின் றப்பரில் காற்றுக்குமிழ்கள் இருப்பதால் அது அமுங்கிப் போய்ச் சில நாட்களிலேயே மீண்டும் சொட்டும், அதோடு அதன் துணுக்குகள் பைப்பின் வாயை அடைக்கும். செருப்பை விட்டுவிடுங்கள்.

புது வொஷர் பழையதன் அகலத்திலேயே இருக்கவேண்டும். சிறியதானால் விளிம்பை மூடாது; பெரியதானால் பைப்பின் உட்சுவரில் உரசி, தலை இறங்கும்போது மடிந்துகொள்ளும். மூன்றாக வாங்கினால் இரண்டு கைவசம் இருக்கும்.

இனி விளிம்பு. ரோர்ச்சைப் பிடித்துப் பைப்பின் உள்ளே பாருங்கள். நடுவில் தண்ணீர் மேலேறி வரும் வட்ட வாய் இருக்கும். அதன் விளிம்பில்தான் வொஷர் அமர்ந்து தண்ணீரை அடைக்கிறது. பார்வையை மட்டும் நம்பாமல் சுண்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். நகம் தட்டுப்படும் இடம் இருந்தால், அங்கே ஒன்றில் படிவு இருக்கிறது, அல்லது தண்ணீர் அரித்த கீறல் இருக்கிறது. சொட்டிக்கொண்டே விட்ட பைப்பில் அந்த ஒரு கீற்றுத் தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிப் பித்தளையிலேயே கால்வாய் வெட்டிவிடும். ‘வொஷர் மாத்தியும் நிக்கேல்லை’ என்று சொல்லப்படும் பைப்புகளில் நான் பெரும்பாலும் கண்டது இதைத்தான்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு அதிகம். வினாகிரியில் நனைத்த துணியைச் சுருட்டி விளிம்பின்மேல் அரைமணி நேரம் அழுத்தி வைத்துவிட்டு, பல் துலக்கியால் தேய்த்தால் இளகும். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறும் அதே வேலையைச் செய்யும். கத்தியாலோ திருப்புளி முனையாலோ சுரண்டாதீர்கள். பித்தளை மென்மையானது; நீங்கள் போடும் கீறலே அடுத்த கசிவின் வழி.

இலேசான கீறல் என்றால், வாயின் அகலத்தைவிடச் சற்றுப் பருத்த, முனை தட்டையாக அறுக்கப்பட்ட மரத்துண்டொன்றின் முனையில் வோட்டர் பேப்பரை ஒட்டி, விளிம்பின்மேல் நேராக நிறுத்தி, சாயாமல், ஒரே அழுத்தத்தில் சுழற்றுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை எடுத்துத் தடவிப் பாருங்கள். சாய்ந்தால் விளிம்பும் சாய்ந்துவிடும். அதன்பின் எந்த வொஷரும் அமராது. ஆழமான கீறலை இப்படித் தீர்க்கமுடியாது. அதற்கு விளிம்பைச் சீவும் கருவி பிளம்பர்களிடம் இருக்கும். அதற்கும் வழியில்லாவிட்டால், தட்டை வொஷருக்குப் பதிலாக அரைக்கோள வடிவில் நடு மேடான வொஷரை மாட்டிப் பார்க்கலாம். அது வாயின் உட்புறத்தில் இறங்கி, கீறல் இல்லாத இடத்தில் அமரும்.

தேய்த்து முடித்ததும் தலையைப் பூட்டாமலேயே, பைப்பின் மேல்வாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை வால்வை ஒரு கணம் மட்டும் திறந்து மூடச் சொல்லுங்கள். பித்தளைத் தூளும் படிவும் வெளியேறிவிடும். இதைத் தவிர்த்தால் அந்தத் தூள் புது வொஷரில் முதல் நாளே பதிந்துகொள்ளும்.

7. மீண்டும் பூட்டுதல்

புது வொஷரை மாட்டி, காளான் துண்டைத் தலையில் செருகி, தண்டு முழுவதும் திறந்த நிலையில், அதாவது மேலே ஏறிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டு கீழே இறங்கியிருந்தால், தலையைப் பூட்டும்போது வொஷர் முதலில் விளிம்பில் முட்டும். நீங்கள் தொடர்ந்து இறுக்கினால் வொஷர் நசுங்கும் அல்லது தலையின் புரி கடிபடும்.

தலையை முதலில் விரலால் மட்டும் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது விரலுக்கு இலகுவாக ஓடவேண்டும்; ஓடவில்லையென்றால் புரி சாய்ந்து ஏறுகிறது, கழற்றி மீண்டும் தொடங்குங்கள். விரலால் இறுகியபின், உடலை மற்ற ஸ்பனரால் பிடித்துக்கொண்டு மேலும் கால் சுற்றளவு இறுக்கினால் போதும். தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள தட்டை வளையம் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

8. கழுத்தில் கசிந்தால்

திறந்திருக்கும்போது கைப்பிடிக்குக் கீழ் வரும் கசிவுக்கு முதல் வைத்தியம் சிறிய கழுத்து நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது. பல பைப்புகளில் இதோடு வேலை முடிந்துவிடும். கைப்பிடி திருப்புவதற்குக் கடினமாகிவிட்டால் அளவுக்கு மீறிவிட்டது, சற்றுத் தளர்த்துங்கள்.

அதிலும் நிற்காவிட்டால் தண்ணீரை நிறுத்தி, கழுத்து நட்டைக் கழற்றி உள்ளே உள்ள பழைய அடைப்பை ஊசியால் எடுத்துவிட்டு, திரெட் டேப்பைக் கயிறாக முறுக்கித் தண்டைச் சுற்றி மூன்று நான்கு முறை சுற்றி, நட்டை அதன்மேல் இறக்குங்கள். புதிய பைப்புகளில் அடைப்புக்குப் பதில் ஓ வடிவ றப்பர் வளையம் இருக்கும். அதைப் பழையதன் அளவிலேயே மாற்றவேண்டும். தேங்காய் எண்ணெயோ மோட்டர்ச் சைக்கிளுக்குப் போடும் கிறீஸோ வேண்டாம். தண்ணீரில் நனைத்து மாட்டினாலே போதும்.

9. கால் சுற்றில் திறக்கும் பைப்

இவற்றில் வொஷர் இல்லை. சொட்டினால் பீங்கான் தட்டுகளுக்கிடையே மணல் சிக்கியிருக்கலாம், அல்லது தட்டில் கீறல் விழுந்திருக்கலாம். வீதியில் குழாய் வெடித்துத் திருத்தியபின் வரும் முதல் தண்ணீரில் மண் கலந்திருக்கும். அத்தகைய நாளில் முற்றத்துப் பைப்பைத் திறந்து கலங்கல் போகும்வரை விட்ட பின்னரே உள்ளே உள்ளவற்றைத் திறப்பது இவற்றின் ஆயுளைக் கூட்டும்.

கழற்றும் முறை 5ஆம் பகுதியில் சொன்னதுதான். உள்ளுறுப்பை வெளியே எடுத்து, அடியிலுள்ள றப்பரைக் கவனமாக அகற்றி, ஓடும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். மணலானால் நின்றுவிடும். கீறலானால் உள்ளுறுப்பு முழுவதையும் மாற்றவேண்டும். தட்டுகளைத் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை. கடைக்குப் பழையதைக் கொண்டுபோய் மூன்றை ஒப்பிடுங்கள்: மொத்த உயரம், கைப்பிடி மாட்டும் முனையிலுள்ள பற்களின் எண்ணிக்கை (20 பற்களும் 24 பற்களும் உண்டு), திறக்கும் திசை இடமா வலமா என்பது. திசையைக் கவனிக்காமல் வாங்கினால் பைப் ஒழுகாது. ஆனால் மூடவேண்டிய பக்கம் திருப்பினால் திறக்கும்.

10. மொத்தப் பைப்பையும் மாற்றவேண்டி வந்தால்

உடலில் வெடிப்பு, புரி தேய்வு, ஆழமான கீறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மாற்றிவிடுங்கள். கடலோரத்தில் வெள்ளிநிறப் பூச்சுக்குள் மலிவான கலப்புலோகம் உள்ள பைப்புகள் சில வருடங்களிலேயே கொப்புளம்போட்டு உதிர்கின்றன. கையில் எடுத்தால் பாரமாக இருக்கும் பித்தளைப் பைப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போவதில்லை.

பழையதைக் கழற்றியபின் சுவருக்குள் உள்ள புரியில் ஒட்டியிருக்கும் பழைய நாடாவைத் துப்புரவாக எடுங்கள். புதுப் பைப்பின் புரி உங்களைப் பார்க்குமாறு பிடித்துக்கொண்டு, வெள்ளை நாடாவைக் கடிகார முள் ஓடும் திசையில், இழுத்துப் பிடித்தபடி எட்டு முதல் பன்னிரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பைப்பைப் பூட்டப் பூட்ட நாடா அவிழ்ந்து சுருண்டு வெளியே வரும்.

கையால் இறுகும்வரை ஏற்றி, பின் ஸ்பனரால் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ ஏற்றி, வாய் நேரே கீழ்நோக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பி நேராக்காதீர்கள். நாடா அந்த இடத்தில் விட்டுவிடும். முழுவதும் கழற்றிப் புது நாடா சுற்றுவதே வழி. உள்ளே இருப்பது பிவிசி முழங்கை என்பதால் இன்னொரு முழுச்சுற்றுக்கு ஆசைப்படவும் வேண்டாம்.

11. தண்ணீரைத் திறந்து சோதித்தல்

வால்வைத் திறக்குமுன் திருத்திய பைப்பைக் கொஞ்சம் திறந்த நிலையில் வையுங்கள். குழாயில் அடைபட்ட காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், தண்ணீர் மோதும் அதிர்ச்சி புதுப் பூட்டுகளில் விழும். வால்வை மெதுவாகத் திறந்து, சீறலும் துப்பலும் நின்று சீராக ஓடத் தொடங்கியதும் பைப்பை மூடுங்கள். மூடுவது இரண்டு விரல் பலத்தில் இருக்கவேண்டும். புது வொஷருக்கு அதற்குமேல் தேவையில்லை. பழைய பழக்கத்தில் முறுக்குபவர் வீட்டில் இருந்தால் இதை அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

உலர்ந்த துணியால் துடைத்து, வாயிலும் கழுத்திலும் சுவரோரத்திலும் மீண்டும் கடதாசியை வைத்துப் பாருங்கள். முதல் சில மணிநேரத்தில் ஓரிரு துளி விழுந்தால் பதற்றமடையவேண்டாம். றப்பர் விளிம்புக்குப் படிந்துகொள்ளும். மறுநாளும் சொட்டினால் வொஷரை மீண்டும் மாற்றாமல் விளிம்பைத்தான் பார்க்கவேண்டும்.

சபைக் குழாய்ப் பைப்பென்றால் இறுதிச் சோதனையை இரவு பத்து மணிக்குப் பிறகு செய்யுங்கள். வீட்டிலுள்ள பைப்புகள் எல்லாவற்றையும் மூடி, தாங்கிக்கு நீரேறவில்லை என்பதையும் உறுதிசெய்து, மீற்றரில் உள்ள சிறிய சில்லை ரோர்ச் வெளிச்சத்தில் கவனியுங்கள். அது நின்றிருந்தால் வேலை முடிந்தது. மெல்லவேனும் சுழன்றுகொண்டிருந்தால், திருத்திய பைப்பைச் சந்தேகிக்குமுன் மலசலகூடத்துச் சிஸ்டனுக்குள் சத்தமில்லாமல் ஓடும் தண்ணீரைத் தேடுங்கள்.